சத்தம் போடாத போர்டு

நான் எதையும் லேசில் சரி என்று சொல்கிற ஆள் கிடையாது. கல்பாக்கத்தில் முப்பத்தொரு வருஷம் எனக்கு அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் எலெக்ட்ரானிக்ஸ் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாரம் நிறுத்தாமல் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு. என் முதுகுக்குப் பின்னால் ‘செவப்பு ஜெபகுமார்’ என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். போன வருஷம் ரிடையர் ஆனேன். ஸ்டிக்கரை ஒப்படைத்துவிட்டு வந்தேனே தவிர, புத்தியை ஒப்படைக்கவில்லை. அந்தப் புத்தியால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அது நிறையக் கேட்டாயிற்று.

என் மனைவி பெயர் ஜாய்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். ஜாய்ஸ் வீட்டில் வைத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். “ஏல, அந்த மைனஸ எங்கல விட்ட?” என்று அவள் கத்தினால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வாய் ஓயாத பொம்பளை. குழம்பு கொதிக்கும்போது குழம்போடும், ரேடியோ ஓடும்போது ரேடியோவோடும் பேசுவாள். எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும், வாயை மூடு என்று சொல்லியும் இருக்கிறேன்.

போன ஜூலையில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. டியூஷனில் கத்திக் கத்தி வந்தது என்று நினைத்தோம். மிளகுப் பால், உப்புத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். குரல்வளையில் கட்டி, புற்று என்றார். குரல்வளையையே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அதற்குப் பிறகு மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான், பேச்சு வராது. சர்க்கரை கூடுதலாக இருந்ததால் அதை இறக்கிவிட்டு செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் செய்யலாம் என்று நாள் கொடுத்தார். கையில் ஏழு வாரம் இருந்தது.

திரும்பும்போது மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் அவள் டாக்டர் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். அங்கே ஷிஃப்ட் முடிந்த கம்பெனிக் கூட்டம் ஏறி நெரிசலானது. அந்த நெரிசலில் என் காதுப் பக்கம் சாய்ந்து, “என்னங்க, ஆராயிகிட்ட நான் எப்படி மீன் விலை பேசுவேன்?” என்றாள். ஆராயி எங்கள் பக்கம் கடற்கரையில் மீன் விற்கிற அம்மாள். அவளும் ஜாய்ஸும் வாரத்துக்கு மூன்று நாள் சண்டை போட்டால்தான் இருவருக்கும் சோறு இறங்கும். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உயிர் பற்றி அவள் கேட்கவே இல்லை, பேச்சு பற்றித்தான் கேட்டாள்.

என்னோடு வேலை பார்த்த ஹரிகிருஷ்ணன் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தவன்தான் வழி சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால் ஜாய்ஸ் எண்ணூறு வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும். அதை வைத்து ஒரு புரோகிராம் அவள் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு அவள் என்ன டைப் அடித்தாலும் அவள் குரலிலேயே பேசும். தமிழில், அதுவும் அவள் குரலில், நெட் இல்லாத இடத்திலும் பேச வேண்டுமென்றால் போன் தாங்காது. கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும்.

“கம்ப்யூட்டர் மெதுவா பண்ணிக்கலாம் சார். முதல்ல ரெக்கார்டிங்க முடிச்சிடுங்க. போன்ல எடுத்தாக்கூடப் போதும்” என்றான். இதை அவன் சொன்னான். தெளிவாகச் சொன்னான். எனக்கும் காது நன்றாகக் கேட்டது.

ஆனால் எனக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போன் ஒலியைச் சுருக்கிவிடும், சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது. அவள் ஆயுசு முழுக்கப் பேசப் போகிற குரல் அது. பதிவு செய்கிற கருவியும் பேசுகிற கருவியும் ஒன்றாக இருந்தால்தான் பிசகு வராது. நான் ஒரு முழு வெள்ளைத்தாளில் பதினான்கு நிபந்தனை எழுதினேன். ஜாய்ஸ் அதைப் பார்த்துவிட்டுக் கீழே பென்சிலால் பதினைந்தாவதாக ஒன்று சேர்த்தாள்: ‘என் ஹேண்ட்பேக்கில் நுழைய வேண்டும். மீன் கூடையையும் இதையும் சேர்த்துத் தூக்க என்னால் ஆகாது.’

செங்கல்பட்டில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் திருநாவுக்கரசு கடை வைத்திருக்கிறார். பார்ட்ஸ் வாங்கி, கேட்கிற மாதிரி கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பார். என் தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சார், இது இன்னா, ராக்கெட்ல வெக்கறதுக்கா?”

“என் சம்சாரம் பையில வைக்கிறதுக்கு” என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அப்டின்னா சொம்மா ஏனோதானோன்னு குடுக்க முடியாது சார். நல்லதா பாத்து நானே வர வெச்சுத் தரேன்.”

முதலில் காட்டியது பதினேழு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மதர்போர்டு. சின்ன போர்டு என்றால் எல்லோரும் முதலில் எடுப்பது அதுதான். ஆனால் அதன் மேல் ஒரு குட்டி விசிறி இருந்தது. காதை வைத்துக் கேட்டேன், உஸ்ஸென்று ஒரு சத்தம். ஜாய்ஸுக்கு ஏற்கெனவே குரல் இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் அவள் குரலோடு இந்த உஸ்ஸும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று வேண்டாம் என்றேன். அதுவரைக்கும் நான் செய்தது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது, ஆகஸ்ட் பதினான்காம் தேதி வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர், விசிறி கிடையாது, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும். ஓடவிட்டுப் பார்த்தோம், சத்தமே இல்லை. நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

“நீ லென்ஸ எடுத்தாவே என் யாவாரம் படுத்துக்கும் சார்” என்றார் திருநாவுக்கரசு.

ஓரத்தில் குட்டி டப்பா மாதிரி நிற்கிற கெபாசிட்டர்களில் ஒன்று மயிரிழை சாய்ந்து நின்றது. அவரிடம் காட்டினேன். அவர் லென்ஸில் பார்த்தார், லென்ஸ் இல்லாமல் பார்த்தார்.

“சாஞ்சிருந்தா இன்னா சார்? ஓடிக்கினுதான கீது?”

“இன்னிக்கு ஓடும். நாளைக்கு அவ நாலு பேர் முன்னால பேசும்போது நின்னா?”

“நின்னா வேற மாத்திக்கலாம் சார். கோச்சுக்காத, ஒண்ணு கேக்கறேன். அம்மாவுக்கு ஆப்ரேசன் எப்போ?”

“செப்டம்பர் பதினெட்டு.”

“இன்னிக்குத் தேதி பதினாலு. இத்த எடுத்துகினு போயி வேலைய ஆரம்பி சார். வேற நல்லது வந்தா நானே வூட்டாண்ட வந்து மாத்தித் தரேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒங்களுக்கு விக்கணும், எனக்கு ஓடணும்” என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் போர்டைப் பழையபடி கவரில் போட்டு வைத்துவிட்டு, மூன்றாவதற்கு ஆர்டர் போட்டார். அது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், உள்ளங்கையை விரித்தால் உட்கார்ந்துவிடும். வர பத்துப் பதினோரு நாள் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.

அந்தப் பதினோரு நாளில் நான் இன்னொரு காரியம் செய்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. குரல் தேய்ந்துகொண்டு வருகிறது, பதிவுக்கு அது வேண்டும், ஆகையால் வீணாக்கக் கூடாது என்று கணக்குப் போட்டேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானாக முடிவு செய்தேன். டியூஷனை நிறுத்தச் சொன்னேன். “ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல பேசாத. மிச்சம் வை” என்றேன். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். குழம்போடு பேசுகிறவள், ரேடியோவோடு பேசுகிறவள், நான் சொன்னேன் என்பதற்காக வாயை மூடிக்கொண்டாள். வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பாவி நான்!

ஒருநாள் சாப்பிடும்போது நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாயாலேயே கேட்டாள். “என்னங்க, போன்லயே வாசிச்சுப் புடுதேனே? அதுவே போதும்னு ஹரி சொன்னான்லா?”

“அவனுக்கென்ன தெரியும்? அவசரப்படாத ஜாய்ஸ். ஒரு தடவ செய்யுறத உருப்படியா செய்யணும்.”

“என்னைய பொண்ணு பாக்க வந்தப்ப பத்து நிமிசத்துல சரின்னுட்டீங்க. அன்னைக்கு லென்சு கொண்டு வரலையாக்கும்?”

“அன்னைக்குக் கொண்டு வந்திருக்கணும்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. “சரி, ஒங்க இஷ்டம்” என்று நோட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் எனக்கு விட்டுக் கொடுத்தாள். என் வேலையில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினாள்.

ஹரிகிருஷ்ணன் கொடுத்த எண்ணூறு வாக்கியங்களை அவள் ஏற்கெனவே மனதுக்குள் வாசித்துப் பழகியிருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். இரண்டு மூன்று இடத்தில் பிழையும் திருத்தியிருந்தாள்.

ஆகஸ்ட் இருபத்தைந்து, திங்கட்கிழமை, போர்டு வந்தது. லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு குறை இல்லை. என் வேலையில் அப்படி ஒரு சுத்தமான போர்டை நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். அலுமினியப் பெட்டிக்குள் பொருத்தினேன், பெட்டியே சூட்டை வெளியே இழுத்துவிடும், விசிறி வேண்டாம். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொடுதிரை. மொத்தமாக ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் வந்தது. ஜாய்ஸ் அதை ஹேண்ட்பேக்கில் போட்டு, தோளில் மாட்டி, ஹாலில் நாலு நடை நடந்து காட்டினாள். பிறகு மைக்கை எடுத்து நீட்டி, ஆரம்பிக்கலாமா என்று புருவத்தை உயர்த்தினாள்.

நான் இல்லை என்றேன்.

புது போர்டு ஏதாவது கோளாறு செய்வதென்றால் முதல் வாரத்தில் செய்யும். அதனால் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் முழுச் சுமையில் நிறுத்தாமல் ஓடவிட்டுத் தேறினால்தான் எங்கள் ஆபீசில் அதைத் தொடுவோம். அதற்கு முன்னால் அதில் ஒரு எழுத்து எழுதினாலும் மேலதிகாரி கிழித்துவிடுவார். அது அணு உலைக்குப் போகிற போர்டுக்கான விதி. என் மனைவியின் ஹேண்ட்பேக்குக்கு அந்த விதி எதற்கு? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. இரவு எட்டு மணிக்குச் சோதனையை ஆரம்பித்துவிட்டு, “அடுத்த திங்கக்கெழம எட்டு மணிக்கு முடியும். செவ்வாய்க்கெழம காலையில வாசிக்கத் தொடங்கிரலாம். அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் இருக்கு” என்றேன். அவள் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அந்த வாரம் முழுக்க நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒருமுறை சூடு எவ்வளவு என்று குறித்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து ஜாய்ஸ் மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று ஆவி பிடிக்கச் சொன்னேன். விசிறியின் உஸ்ஸென்ற சத்தத்துக்கு ஒரு போர்டையே திருப்பி அனுப்பியவன் நான். பக்கத்தில் படுத்திருந்தவளின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சர்ச்சுக்குக் கிளம்பப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள் பெட்டிக்கு முன்னால் நின்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. “இன்னும் எவ்வளவு மணி நேரம்?”

“முப்பத்தேழு.”

தலையை ஆட்டிவிட்டுப் பவுடர் போட உள்ளே போனாள். ஒரு ஜாமான் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை கழுத்தில், கண் இரண்டும் பிதுங்கி நிற்கிறது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கட்டி வீங்கி மூச்சை அடைத்துவிட்டது என்று பார்த்தவுடனே சொல்லி, ஒன்பது மணிக்குள் கழுத்தில் துளை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த டாக்டர் பெண் வசுமதியை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, “பேச்சு?” என்று கேட்டேன்.

“இனிமே வராதுங்க. உள்ள அவ்வளவு அடைச்சிருக்கு. உசுரு இருக்கே, அத நினைச்சுக்கோங்க” என்றார்.

“ரெண்டு மணி நேரம் பேசினாப் போதும் டாக்டர். வாசிச்சாப் போதும்.”

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஹாலில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்கப் பச்சை. 168 மணி நேரம். பிழை 0. பாஸ். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது, சத்தம் என்று ஒன்றுமே இல்லை. பக்கத்தில் அவள் பென்சில் கோடு போட்ட தாள்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், எண்ணூறுக்குக் கீழே அவள் கையெழுத்தில் இன்னும் கொஞ்சம் வாக்கியம் இருந்தது. ‘ஆராயி, கண்ணு வெளுத்திருக்கு, இது நேத்துப் பிடிச்ச மீனு.’ ‘ஏல, நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு சிரிக்க வேற செய்யுதியா?’ ‘என்னங்க, சோறு ஆறிப்போச்சு, அந்தக் கருமத்த வச்சுட்டு வாங்க.’ அந்தத் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தலையில் அறைந்துகொண்டேன். அழுது முடித்து எழுந்து அவளுடைய துணிகளை மடித்து எடுத்துப் போனேன், வேறென்ன செய்ய?

ஆபரேஷன் சென்னையில் நடந்து, அக்டோபர் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். பிழைத்துவிட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஹரிகிருஷ்ணன் விடவில்லை. எங்கள் போனிலும் பழைய கல்யாண வீடியோவிலும் அவள் குரல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினான். அவள் போனில் கூப்பிட்டுப் பேசுகிறவள், குரல் செய்தி அனுப்பிப் பழக்கம் இல்லாதவள். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம் கிடைத்தது. அதிலும் பாதிக்குமேல் பின்னால் மேளம், இல்லாவிட்டால் குறுக்கே நான் பேசுகிற சத்தம். அதை வைத்துப் புரோகிராமை ஓடவிட்டான். பெட்டி பேசியது. அவள் குரல் மாதிரி இருந்தது, ஆனால் அவள் இல்லை. யாரோ அவளைப் போல மிமிக்ரி செய்கிற மாதிரி இருந்தது. ஜாய்ஸ் இரண்டு வாக்கியம் கேட்டாள். கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: ‘இது வேண்டாம். வேற யார் குரலாவது போடு.’

“கொஞ்ச நாள் குடுங்கக்கா, இன்னும் சரி பண்ணிப் பாக்கறேன்” என்றான் ஹரிகிருஷ்ணன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். புரோகிராமோடு வருகிற நாலு பெண் குரல்களைப் போட்டுக் காட்டினான். மூன்றாவதை விரலால் காட்டினாள். டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி, யாரோ ஒரு பெண்ணின் சுத்தமான குரல்.

நவம்பரில் ஒரு காலை இரண்டு பேரும் மீன் வாங்கப் போனோம். கழுத்துத் துளையை மறைத்துத் துணி கட்டியிருந்தாள், பெட்டி ஹேண்ட்பேக்கில் இருந்தது. ஆராயிக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஜாய்ஸைக் கண்டதும் பலகையை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஜாய்ஸ் கையை விடுவித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, திரையில் தட்டினாள். “இது நேற்றுப் பிடித்த மீன். விலை அதிகம்” என்றது பெட்டி.

“யம்மாடி! யாருமா இது, டிவிக்காரி கணக்கா பேசுது?” என்று ஆராயி வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே குரலை இறக்கி, “நீ குடுக்கறத குடும்மா. உன்னான்ட நான் இன்னாத்த பேசப் போறேன்?” என்று வஞ்சிரத்தை எடுத்துக் கூடையில் போட்டாள், கேட்காமலே இரண்டு சங்கராவையும் சேர்த்துப் போட்டாள்.

ஜாய்ஸ் வேகமாகத் தட்டினாள். “எனக்கு இனாம் வேண்டாம். விலை சொல்லு.”

“சொன்னாக் கேளும்மா. எட்துகினு போ. ஒடம்பு தேறட்டும்.” ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது.

சண்டை வரவில்லை. ஜாய்ஸ் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். கோட்டைச் சுவர் தாண்டி, கட்டுமரம் இழுத்துப் போட்டிருந்த இடத்தில் மணலில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடல் கலங்கலாக இருந்தது. பெட்டி அவள் மடியில் இருந்தது. இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, சூடு இல்லை, நிற்கவில்லை, ஒரு குறை இல்லை.

அந்த மூன்று மாதத்தில் நான் கேட்காமல் தள்ளிப் போட்டதைக் கேட்டேன். “ஜாய்ஸ், நான் செஞ்சது பாவம். போன்ல எடுன்னு நீ சொன்ன, ஹரி சொன்னான், கடக்காரர் சொன்னாரு. நான் கேக்கல. ஒன் வாயையும் நானேதான் மூடி வச்சேன். என் மேல ஒனக்குக் கோவம் இருக்கும். இருந்தாச் சொல்லிரு. திட்டிரு. ஒண்ணும் சொல்லாம மட்டும் இருக்காத.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் எதையோ நீளமாக எழுதினாள். நிறுத்தினாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மறுபடி கொஞ்சம் எழுதிவிட்டுத் தட்டினாள்.

“உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை” என்றது பெட்டி.

ஜாய்ஸுக்குக் கோபம் வந்தாலும் அவள் சொல்வது “எனக்கென்ன கோவம், ஒண்ணுமில்ல” என்றுதான். கோபம் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்வாள். அந்த ‘ஒண்ணுமில்ல’ எங்கே நீள்கிறது, எங்கே வெட்டுகிறது என்பதை வைத்து இருபத்தொன்பது வருஷம் நான் ஆளைத் தெரிந்துகொண்டேன். அடுக்களையிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், இன்றைக்குச் சோறு கிடைக்குமா, நான் போய்க் கெஞ்ச வேண்டுமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றேன்.

அவள் அதே இடத்தில் விரலை வைத்தாள். “உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.” முதலில் சொன்னதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் காதை அவள் மடிப் பக்கம் கொண்டு போய், மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.